மூன்று ஜாடிகளில் ஏறிய செம்பு

அழுதுகொண்டு வருபவர்களைத் துப்பறிவாளர் முதலில் உட்காரச் சொல்வார். அழாமல் வருபவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார். அழாதவர்களே அதிகம் வறண்டு போயிருப்பார்கள் என்பது, காப்பீட்டு நிறுவனமொன்றில் சேத மதிப்பீட்டாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அந்த அம்மையாரின் அனுபவம். அன்று காலை வந்த இளம்பெண் அழவில்லை. கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார். இன்னொரு குவளை கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பிறகு நாற்காலியின் நுனியில் அமர்ந்தார்.

“நான் ஒரு கோடு கூடக் கூட்டலைங்க. ஆனா என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க.”

“அண்ணி, இதுல பெரிய சதி இருக்கு,” என்றார் சன்னலோரம் நின்றிருந்த கொழுந்தனார். அவர் துப்பறிவாளருடைய கணவரின் தம்பி. பள்ளியில் புவியியல் ஆசிரியர். விடுமுறை நாள்களில் அண்ணியின் தொழிலில் தமக்குப் பாதிப் பங்கு உண்டென்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

“இன்னும் அவங்க விஷயத்தையே சொல்லலையே, தம்பி.”

“அதனாலதான் இப்பவே சொல்றேன். அவங்க முழுசாச் சொன்னப்புறம் யார் வேணா சொல்லலாமே.”

இளம்பெண்ணின் உதட்டில் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. துப்பறிவாளர் அதைக் கவனித்து, “சொல்லும்மா. முதல்லேர்ந்து, வரிசையா,” என்றார்.

அந்தப் பெண் வரிசையாகவே சொன்னார். அவர் வேலை பார்ப்பது நாட்டின் கனிம, எரிபொருள் வளங்களை வகைப்படுத்தும் அலுவலகம். அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எவர் எதைத் தோண்டுகிறாரோ அதுவே அவருக்குப் பெயர். நிலக்கரிப் பிரிவின் தலைவி நிலக்கரியம்மா. எண்ணெய்ப் பிரிவின் தலைவர் எண்ணெயார். சுண்ணாம்புக்கல் பிரிவின் தலைவர் சுண்ணாம்பார். செம்புத் தாதுவுக்குப் பொறுப்பான இவர் செம்பம்மா.

“பூமிக்கடியில எது இருந்தாலும் மூணு கேள்விங்க,” என்றார் செம்பம்மா. “ஒண்ணு, அதை எடுக்கிறது ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் கட்டுப்படியாகுமா? ரெண்டு, எடுக்கிறதுக்கு வழிமுறை கையில இருக்கா? மூணு, இவ்வளவு இருக்குன்னு சொல்றோமே, அது எவ்வளவு நிச்சயம்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் கொடுப்போம். மூணு எண்ணும் சேர்ந்தா அதுதான் அந்த வளத்தோட குறியீடு. எந்த நாட்டுல படிச்சாலும் ஒரே அர்த்தம். முன்னெல்லாம் அப்படி இல்லை. நிலக்கரிக்கு ஒரு முறை, எண்ணெய்க்கு ஒரு முறைன்னு அவங்கவங்க பாட்டுக்கு ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. இப்பதான் எல்லாத்தையும் ஒரே சர்வதேச முறைக்குள்ள கொண்டுவர்றோம்.”

“புரிஞ்சுபோச்சு,” என்றார் கொழுந்தனார். “வீடு கட்டற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராம இருப்பாரா, நல்ல கொத்தனார் கிடைப்பாரா, மனை நாம நினைக்கிற அளவு இருக்கா.”

“கிட்டத்தட்ட. அந்த மூணாவது கேள்வியிலதான் நான் மாட்டிக்கிட்டேன்.”

மாட்டிக்கொண்ட கதை இது. அன்று பிற்பகல் சர்வதேச மறு ஆய்வுக் குழுவினர் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் பார்ப்பதற்காக ஒவ்வொரு பிரிவும் காட்சிக்கூடத்தில் ஒரு மேசை அமைத்திருந்தது. மேசைக்கு மூன்று கண்ணாடி ஜாடிகள். ஜாடியின் மேல் கோடுகள் பொறித்திருக்கும். ஒரு கோடு என்றால் பத்து லட்சம் டன். செம்பு மேசையில் முதல் ஜாடி, நிச்சயமாகத் தெரிந்த தாதுவுக்கு. அதில் நான்கு கோடு. இரண்டாவது ஜாடி, ஓரளவு நிச்சயமானதற்கு; மூன்று கோடு. மூன்றாவது ஜாடி, ஊகத்துக்கு, இரண்டு கோடு. ஆக மொத்தம் ஒன்பது. அறிக்கையிலும் ஒன்பதுதான்.

“இதுல எனக்கு ஒரு சின்ன ஆசை,” என்று சற்று வெட்கத்தோடு சொன்னார் செம்பம்மா. “தாதுவைச் சல்லடையில சலிச்சு, முதல் ஜாடியில பெரிய கல்லா, ரெண்டாவதுல பயறு அளவுல, மூணாவதுல மாவா நிரப்பினேன். நிச்சயம் குறையக் குறைய பொருளும் பொடியாகிற மாதிரி இருக்கட்டும்னு. அழகா இருந்துச்சு. நேத்து சாயங்காலம் அதைப் பார்த்துட்டே ரொம்ப நேரம் நின்னேன்.”

“இன்னிக்குக் காலையில?”

“இயக்குநர் எல்லாருக்கும் முன்னாடி வந்திருக்கார். முதல் ஜாடியில நாலு, ரெண்டாவதுல ஏழு, மூணாவதுல ஒன்பது. கூட்டினா இருபது! அறிக்கையில ஒன்பதுன்னு எழுதிட்டு, வர்றவங்க கண்ணுக்கு இருபது காட்டப் பார்த்தியான்னு கேட்டார். யார் பார்வையிலும் படக் கூடாதுன்னு ஜாடிகளைத் துணியால மூடிட்டார். மத்தவங்க யாரும் பார்க்கலை. இருபதுன்னு அவர் கத்தினது மட்டும் எல்லார் காதுலயும் விழுந்துடுச்சு.”

“கூடத்துக்குச் சாவி?”

“இயக்குநர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, மத்த மூணு பிரிவுத் தலைவர்கள்கிட்ட ஒவ்வொண்ணு. நேத்து சாயங்காலம் நான் கிளம்பினப்புறம் அவங்க மூணு பேரும் மாறி மாறி வந்து அவங்கவங்க மேசையைச் சரிபண்ணியிருக்காங்க.” அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். “குழு வர்றதுக்குள்ள இது யார் வேலைன்னு தெரியணும். இல்லைன்னா அறிக்கையில என் கையெழுத்து இருக்காது. கையெழுத்து உரிமையையே பறிச்சுடுவாங்க. எங்க தொழில்ல அது ஒரு தடவை போனா போனதுதான். அப்புறம் இந்த இடத்துல இவ்வளவு செம்பு இருக்குன்னு நான் சொன்னா, ஒருத்தரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.”

துப்பறிவாளர் எழுந்து குடையை எடுத்தார். மழை இல்லை, ஆயினும் அவர் குடையில்லாமல் எந்த விசாரணைக்கும் போனதில்லை.

*

காட்சிக்கூடம் பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மரப்பலகைத் தரை, உயரமான சன்னல்கள், நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் சுவரில் ஒரு பலகை. அதில் ஜாடிக்கு ஒன்றாக மூன்று பெரிய எண்கள். இயக்குநர் கதவைத் திறந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேர்மையானவர், ஆனால் அன்று காலையிலிருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் இருபதாகத் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதாங்க,” என்றார். “அதுதான் எனக்கு வருத்தம். வேற யாருக்கு இதுல லாபம்? தன்னோட சுரங்கம் பெரிசாத் தெரியணும்னு அவளுக்குத்தானே ஆசை இருக்கும்?”

“லாபத்தை அப்புறம் பார்ப்போம். மேசையைப் பார்க்கலாமா?” என்றார் துப்பறிவாளர்.

கொழுந்தனார் அதற்குள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். நிலக்கரி மேசையில் முதல் ஜாடி நிறைந்தும், அடுத்த இரண்டும் பாதியளவிலும் இருந்தன. சுண்ணாம்புக்கல் மேசையில் முதல் ஜாடி மட்டும் நிறைந்திருந்தது. மற்றவற்றில் அடி மறைகிற அளவே கல். எண்ணெய் மேசையில் கரிய எண்ணெய் ஒரு ஜாடியைவிட அடுத்த ஜாடியில் உயரமாக, படிக்கட்டுப் போல ஏறிச் சென்றது.

“எண்ணெய்க்குத்தான் அண்ணி யோகம். ஏறிக்கிட்டே போகுது பாருங்க!”

“பார்த்தேன்,” என்றார் துப்பறிவாளர்.

அவர் செம்பு மேசையின் துணியை விலக்கினார். நான்கு, ஏழு, ஒன்பது. ஒவ்வொரு ஜாடியிலும் தாதுவின் மேற்பரப்பு கோட்டின் மேல் அணுவளவும் பிசகாமல், தட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது. முதல் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டினார். பச்சை படர்ந்த கற்களோடு பயறளவுத் துகளும், அவற்றினிடையே மாவும் கிடந்தன. இரண்டாவது ஜாடியிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே.

“ஐயோ, என் சல்லடை வேலையெல்லாம் போச்சு!” என்றார் செம்பம்மா.

“முதல் ஜாடியிலயும் போயிருக்கு. அதைக் கவனிச்சியா?”

“ஆமா… ஆனா முதல் ஜாடியில நாலு கோடுதானே? அதுல ஒண்ணும் கூடலையே?”

“கூடலை,” என்று ஒப்புக்கொண்ட துப்பறிவாளர், குடையை ஊன்றித் தரையில் மண்டியிட்டார். பலகைகளின் இடுக்கில் பச்சைப் பொடி கோடு கிழித்தாற்போல் படிந்திருந்தது. மேசைக்கடியில் ஒரு சாக்கு. சலிப்பதற்கு முன்னிருந்த மிச்சத் தாது அதில் இருந்தது. சாக்கின் வாயை அகற்றி மேலே கிடந்ததைக் கிளறினார். ஒரு சுண்ணக்கட்டித் துண்டு, ஒரு மிட்டாய்த் தாள், கொஞ்சம் நூல்பிசிறு.

“குப்பையா? நான் நேத்துதான் புதுச் சாக்கைப் பிரிச்சேன். இதெல்லாம் எப்படி உள்ளே போச்சு?”

“தரையில கிடந்தது எப்படிச் சாக்குக்குள்ள போகும்? பெருக்கி அள்ளினாத்தான் போகும்,” என்று எழுந்த துப்பறிவாளர், ஜாடிகளை மறுபடியும் துணியால் மூடினார். பிறகு சுவரிலிருந்த பலகையைச் சற்று நேரம் பார்த்தார். 4, 3, 2 என்று அது தெளிவாகச் சொன்னது.

*

பிரிவுத் தலைவர்கள் மூவரும் சிற்றுண்டிச்சாலையில் இருந்தார்கள். சுண்ணாம்பார் மெலிந்த மனிதர்; கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். மற்ற இருவரும் அவருடைய பங்கையும் சேர்த்துப் பேசினார்கள். நிலக்கரியம்மாவின் மகளை எண்ணெயாரின் மகன் மணந்திருந்தான். அலுவலகச் சண்டை வீட்டிலும், வீட்டுச் சண்டை அலுவலகத்திலும் தங்குதடையின்றி நடந்துவந்தது.

“எல்லாரும் என்னையே பார்க்கறாங்க,” என்றார் நிலக்கரியம்மா. “செம்புக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம்னு கூட்டத்துல சொன்னது நான்தான். நேருக்கு நேராச் சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். அதுக்காக, திருட்டுத்தனமாப் போய் ஜாடியில கொட்டுவேனா? பிடிக்காதவங்க கணக்கை யாராவது ஏத்தி விடுவாங்களா?”

“ஏத்தி விட்டு மாட்டி விடலாமே,” என்றார் கொழுந்தனார் ஆர்வத்தோடு.

“இவர் யாருங்க?”

“என் கொழுந்தன். பள்ளிக்கூடம் லீவு,” என்றார் துப்பறிவாளர்.

எண்ணெயார் மேசையைத் தட்டினார். தேநீர்க் கோப்பைகள் துள்ளின. அவர் பருத்த உருவமும் பெரிய கைகளும் கொண்டவர். “அந்தப் பொண்ணு ஒரு கோடு கூடக் கூட்ட மாட்டா! அவளைச் சந்தேகப்படறதே பாவம். பலகையில என்ன எழுதியிருக்கோ அதுதான் ஜாடியில இருக்கணும், அது என் கொள்கை. நானும் எதையும் கூட்டலை, குறைக்கலை. எந்தச் சாமி முன்னாடி வேணா சொல்றேன்.”

“கோப்பையைப் பிடிங்க சம்பந்தி, விழப்போகுது,” என்றார் நிலக்கரியம்மா. “எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்பவே மீன்தொட்டியைச் சாய்ச்சவரு இவரு. பதினோரு மீன். ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சோம்.”

“அது ஆச்சு ஆறு வருஷம்! இன்னும் அதையே சொல்லிக் காட்டணுமா?”

“ரெண்டு மீன் இன்னும் கிடைக்கலையே.”

துப்பறிவாளர் சுண்ணாம்பாரிடம் திரும்பினார். “நீங்க நேத்து செம்பு மேசைப் பக்கம் போனீங்களா?”

“இல்லை.”

“ஏதாவது சத்தம் கேட்டுதா?”

“இல்லை.”

“நன்றி,” என்றார் துப்பறிவாளர். சுருக்கமாகப் பேசுபவர்களிடம் அவருக்குத் தனி மரியாதை உண்டு.

வெளியே தாழ்வாரத்தில் கொழுந்தனார் அவரை மறித்தார். “அண்ணி, நிலக்கரியம்மாதான். பேச்சுக் கொடுத்து நம்ம வாயைப் புடுங்கறாங்க. இல்லைன்னா அந்தச் சுண்ணாம்பு ஆளு. இவ்வளவு கம்மியாப் பேசறவன் மனசுல எதையோ பூட்டி வெச்சிருக்கான்.”

“அப்போ எண்ணெயார்?”

“அவர் பாவம், குழந்தை மாதிரி. அந்தப் பொண்ணுக்காகச் சத்தியமே பண்றாரே!”

“அந்தச் சத்தியம் முழுக்க உண்மை, தம்பி. அதுதான் சிக்கல்.” துப்பறிவாளர் குடையைக் கையில் மாற்றிக்கொண்டார். “நீ போய்ச் சிற்றுண்டிச்சாலைக்காரர்கிட்ட ஒன்பது கண்ணாடி டம்ளரும், மூணு கரண்டியும், கொஞ்சம் காய்ஞ்ச பட்டாணியும் கேட்டு வாங்கிட்டு வா. எதுக்குன்னு கேட்டா, எனக்கே தெரியாதுன்னு சொல்லு.”

“எனக்கு நிஜமாவே தெரியாதே!”

“அதனாலதான் உன்னை அனுப்பறேன்.”

*

காட்சிக்கூடத்தின் நடுவில் ஒரு நீண்ட மேசை போடப்பட்டது. மூன்று பிரிவுத் தலைவர்களும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாதபடி, நடுவே அட்டைத் தடுப்புகளோடு அமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொருவர் முன்னும் மூன்று வெற்று டம்ளர், ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் பட்டாணி. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செம்பம்மா இயக்குநரைப் பார்த்தார்.

“எங்கேயோ ஒரு பட்டாணிச் சுரங்கம் இருக்கு,” என்றார் துப்பறிவாளர், வகுப்பெடுக்கும் குரலில். “நிச்சயமாத் தெரிஞ்சது ரெண்டு கரண்டி. ஓரளவு நிச்சயம் ரெண்டு கரண்டி. ஊகம் ஒரு கரண்டி. இதை மூணு டம்ளர்ல காட்டுங்க. யாரும் பேச வேண்டாம். யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.”

“சின்னப் பிள்ளைங்க விளையாட்டா இருக்கு,” என்று முணுமுணுத்தார் நிலக்கரியம்மா. ஆனாலும் கரண்டியை எடுத்தார்.

பட்டாணி விழும் ஓசை அடங்கியதும் துப்பறிவாளர் தடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நிலக்கரியம்மாவின் டம்ளர்களில் இரண்டு கரண்டி, இரண்டு கரண்டி, ஒரு கரண்டி. சுண்ணாம்பாருடையதிலும் இரண்டு, இரண்டு, ஒன்று. எண்ணெயாரின் டம்ளர்கள் படிக்கட்டுப் போல ஏறி நின்றன: இரண்டு, நான்கு, ஐந்து. போதாமல் போன பட்டாணிக்கு அவர் சுண்ணாம்பாரின் கிண்ணத்தில் கைவைத்திருந்தார்.

“என்ன சம்பந்தி, கணக்கே மறந்துபோச்சா?” என்றார் நிலக்கரியம்மா.

“உங்களுக்குத்தான் மறந்துபோச்சு! ஊகத்துக்குப் போய் ஒரே ஒரு கரண்டியா? உலகத்துல எங்கேயாவது அதிகபட்சம் குறைந்தபட்சத்தைவிடக் கம்மியா இருக்குமா?”

“அதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க,” என்றார் துப்பறிவாளர்.

“இதுல விளக்க என்னம்மா இருக்கு? எண்ணெய்க் கிணத்துல இறங்கின எவனைக் கேட்டாலும் சொல்வான். முதல் ஜாடி, என்ன ஆனாலும் இவ்வளவாவது கிடைக்கும். ரெண்டாவது ஜாடி, பெரும்பாலும் இவ்வளவு கிடைக்கும். அதுக்குள்ள முதல் ஜாடியும் அடக்கம். மூணாவது, எல்லாம் நல்லபடியா அமைஞ்சா அதிகபட்சம் இவ்வளவு. அதுக்குள்ள முந்தின ரெண்டும் அடக்கம். ரெண்டு, ரெண்டும் ரெண்டும் நாலு, நாலும் ஒண்ணும் அஞ்சு. மொத்தம் அஞ்சு. யார் போட்டாலும் இப்படித்தான் போடணும்.”

“அப்போ பலகையில நாலு, மூணு, ரெண்டுன்னு எழுதியிருந்தா?”

“நாலு, ஏழு, ஒன்பது,” என்றார் எண்ணெயார் சிறிதும் தயங்காமல்.

துப்பறிவாளர் செம்பு மேசைத் துணியை விலக்கினார்.

எண்ணெயார் ஜாடிகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடியும் ஜாடிகளைப் பார்த்தார். அவருடைய பெரிய கைகள் இரண்டும் தலைக்கு மேல் சென்று அங்கேயே தங்கிவிட்டன.

“இது… இது நான் போட்டதுதானே? அப்படியே இருக்கே! அப்போ அந்த இருபது எங்கே?”

“இதுதான் அந்த இருபது,” என்றார் இயக்குநர். அவருடைய குரல் அவருக்கே கேட்காத அளவு தணிந்திருந்தது.

கொழுந்தனாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “அண்ணி, எப்படி? எப்போ தெரிஞ்சுது?”

துப்பறிவாளர் நாற்காலியை இழுத்து, அதை மேசைக்கு நேராக வைத்துவிட்டு, அமர்ந்தார்.

“இயக்குநர் சார் இருபதைப் பார்த்தார். நான் நாலைப் பார்த்தேன். செம்பை அதிகமாக் காட்டணும்னு ஒருத்தர் வந்தா, ரெண்டாவது ஜாடியிலயும் மூணாவதுலயும் மேலே கொட்டிட்டுப் போவார். முதல் ஜாடியை ஏன் தொடணும்? ஆனா முதல் ஜாடியில அளவு மாறலை, உள்ளே இருக்கிறது மாறியிருக்கு. சலிச்ச கல் போய், சலிக்காத தாது வந்திருக்கு. அப்படீன்னா மூணும் காலியாகி, மறுபடி நிரம்பியிருக்கு. வேணும்னே காலியாக்கினாங்களா, தவறிக் கொட்டிடுச்சா? தரைப் பலகை இடுக்குல பொடி. சாக்குக்குள்ள மிட்டாய்த் தாள். ஜாடிகள் சாஞ்சிருக்கு. கொட்டினதைப் பெருக்கி யாரோ சாக்குல போட்டுட்டு, அதே சாக்கிலிருந்து அள்ளி நிரப்பியிருக்காங்க. சாக்குல நிறையத் தாது இருந்ததால, கொட்டினதைவிட அதிகமா எடுக்கிறோம்னு அவங்களுக்குத் தெரிய வழியில்லை.”

“சரி, ஏன் அதிகமா எடுக்கணும்?” என்றார் இயக்குநர்.

“அவங்க கணக்குல அது அதிகமே இல்லைங்க. கோடு பிசகாம, தட்டிச் சமன்பண்ணி வெச்சிருக்காங்க. ஏமாத்தற ஆளுக்கு அந்த அக்கறை வராது. தப்பைச் சரிபண்ற ஆளுக்குத்தான் வரும். நாலு. நாலும் மூணும் ஏழு. ஏழும் ரெண்டும் ஒன்பது. பலகையை அப்படியே கடைப்பிடிச்சிருக்காங்க, ஆனா வேற ஒரு தொழில் பழக்கத்துல. எதிர்மேசையில எண்ணெய் படிக்கட்டு மாதிரி ஏறுது. அதைப் பார்த்தப்போ பாதி புரிஞ்சுது. மீதிக்குத்தான் பட்டாணி.”

“இதை என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே!” என்றார் எண்ணெயார் பரிதாபமாக.

“கேட்டா, ஜாடி சாஞ்சதை ஒத்துக்கிட்டிருப்பீங்க. ஆனா கூடுதலாப் போட்டதை ஒத்துக்கிட்டிருக்க மாட்டீங்க. ஏன்னா நீங்க போடலைன்னுதான் உங்க நினைப்பு. இந்தப் பொண்ணைக் காப்பாத்த ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்கன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னா நம்ப மாட்டாங்க, பார்த்தா நம்புவாங்க.”

எண்ணெயார் செம்பம்மாவின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “திரும்பும்போது முழங்கை பட்டுச்சும்மா. மூணும் சாஞ்சு உருண்டுபோச்சு. நல்லவேளை, உடையலை. நீ அவ்வளவு பாடுபட்டு வெச்சது வீணாகக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துப் போட்டேன். காலையில இருபதுன்னு இவர் கத்தினப்போ, நான் போட்டது ஒன்பதாச்சே, எனக்கப்புறம் எந்தப் படுபாவியோ வந்து கொட்டியிருக்கான்னுதான் நினைச்சேன். சாய்ச்சதையாவது அப்பவே சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“ஏன் சொல்லலை?” என்று கேட்டார் இயக்குநர்.

 எண்ணெயாரின் பார்வை ஒரு கணம் நிலக்கரியம்மா இருந்த திசைக்குப் போய்த் திரும்பியது. அனைவரும் நிலக்கரியம்மாவைப் பார்த்தார்கள்.

நிலக்கரியம்மா வாயைத் திறந்தார்; மூடினார்; முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “சம்பந்தி,” என்றார் ஒருவழியாக, “எனக்குப் பயந்தா இவ்வளவும்? சரி, இந்த நிமிஷத்திலேர்ந்து நான் மீன் பேச்சை எடுக்கவே மாட்டேன்.”

“நிஜமாவா?”

“இப்போ ஜாடிப் பேச்சு இருக்கே.”

முதலில் சிரித்தவர் சுண்ணாம்பார். அவர் சிரித்து அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. அதனால் மற்றவர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் போயிற்று.

இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எண்ணெய் மேசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு நிமிஷம். அப்படீன்னா எண்ணெய் ஜாடிகளையும் கூட்டிப் பார்க்கிறவங்க…”

“தப்பாத்தான் கூட்டுவாங்க,” என்றார் துப்பறிவாளர். “எல்லா மேசையும் ஒரே முறைன்னு வாசல்ல எழுதி வெச்சிருக்கீங்க. மூணு மேசைதான் ஒரே முறையில இருக்கு. செம்பு ஜாடி சாயலைன்னா, இதைக் குழுதான் முதல்ல கண்டுபிடிச்சிருக்கும்.”

இயக்குநர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பிறகு செம்பம்மாவின் முன்னால் வந்து நின்றார். வார்த்தைகளைத் தேடினார். “காலையில நான் பேசினது ரொம்பத் தப்பு. கேட்காம முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சுடும்மா.”

“சரிங்க சார்,” என்றார் செம்பம்மா. அவருடைய கண்கள் அப்போதுதான் நிறைந்தன. ஆனால் அவர் ஏற்கெனவே சல்லடையைக் கையில் எடுத்திருந்தார். “எனக்கு இன்னும் மூணு ஜாடி வேணும். இப்போ இருக்கிற மூணையும் யாரும் தொடாதீங்க. எண்ணெயார் போட்டது இந்தப் பக்கம் இருக்கட்டும். நான் போடறது அந்தப் பக்கம். இதுவும் ஒன்பது, அதுவும் ஒன்பது. ஒரே பொருளை ரெண்டு தொழில்காரங்க எப்படிப் பார்க்கறாங்கன்னு வர்றவங்க பார்க்கட்டும். ஒரே முறை ஏன் வேணும்னு நாம பேசவே வேண்டாம், ஜாடியே பேசும்.”

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சிறிது நேரத்தில் அந்த அலுவலகம் கண்ட வேலை அதற்குமுன் கண்டதல்ல. சுண்ணாம்பார் கற்களைப் பொறுக்கினார். கொழுந்தனார் மாவைச் சலித்துத் தலைமுதல் கால்வரை பச்சையானார். நிலக்கரியம்மா சுவர்ப் பலகைகளைப் புதிதாக எழுதினார். எண்ணெயார் தம் ஜாடிகளிலிருந்து எண்ணெயை இறக்கிச் சர்வதேச முறைக்கு மாற்றினார். “நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க சம்பந்தி” என்று அவரே வேண்டிக்கொண்டார். கடைசி ஜாடியின் மேற்பரப்பைச் செம்பம்மா தட்டிச் சமன் செய்தபோது, வெளியே வண்டிகள் வந்து நிற்கும் ஓசை கேட்டது.

இயக்குநர் பரபரப்போடு அறிக்கையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். “சீக்கிரம்மா. வாசல் படி ஏறி வந்துட்டாங்க.”

செம்பம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“படிச்சுட்டுப் போடறேன் சார்.”

கதவு திறந்தது. குழுவினர் வாசலில் நின்றார்கள். தலைவியாக வந்த மூத்த பெண்மணி மேசையருகே நிகழ்வதைக் கண்டதும், பின்னால் வந்தவர்களைக் கையமர்த்தினார். செம்பம்மா ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு எண்ணைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே சென்றார். துப்பறிவாளர் தலையை மெல்ல அசைத்தார். இயக்குநர் காத்திருந்தார், வாசலில் நின்ற குழுவினர் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். கடைசி வரியையும் படித்து முடித்த பிறகே செம்பம்மா பேனாவைத் திறந்தார்.